ஏழு மணிக் கூட்டத்துக்கு ஐந்து மணிக்குப் போனோம்

2025 நவம்பர் 13, வியாழக்கிழமை. பின்னேரம் ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது. மழை என்று சொல்ல முடியாத, ஆனால் குடையை மடக்கவும் விடாத தூறல். நவம்பருக்குக் குளிர் அதிகமில்லை. இருட்டிவிட்டது. லண்டன் லூயிஷாம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் உள்ளூராட்சிக் கவுன்சில் கட்டிடத்தின் முன் நின்றேன். கதவு பூட்டியிருந்தது.

அந்தக் கட்டிடத்தின் மாடியில்தான் சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. வாசலில் கதிரை போட்டிருந்து உள்ளே போகிற பிள்ளைகளையும் வெளியே வருகிற பிள்ளைகளையும் எண்ணுவது என் வேலை. தீப்பிடித்தால் உள்ளே எத்தனை பேர் என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டுமாம். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்தேன். இங்கே ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தேன். சனிக்கிழமைகளில் இந்த வேலையையும் அப்போதே ஏற்றுக்கொண்டேன். எழுபத்தாறு வயதிலும் இது ஒன்றாவது மிச்சமிருக்கிறதே. ஒரு காலத்தில் நூற்று நாற்பது பிள்ளைகளை எண்ணினேன். இப்போது அறுபத்தொன்று.

அந்த அறுபத்தொன்றைப் பற்றித்தான் கூட்டம். கட்டிடம் கவுன்சிலுடையது. ஓர் இனத்துப் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சனிப் பள்ளிகள் இந்தக் காலத்திலும் தேவையா என்று கவுன்சில் கேட்டிருந்தது. தேவையில்லை என்றால் எங்களை எடுத்துவிட்டு, மாடி முழுவதையும் எல்லாருக்குமான கற்றல் நிலையம் ஆக்கிவிடுவார்கள். எல்லாருக்கும் என்ற சொல்லை யாராவது சிரித்துக்கொண்டு சொன்னால் நான் உடனே என் பையைத் தொட்டுப் பார்ப்பேன். கூட்ட முடிவில் கைகளை எண்ணுவோம், அந்த எண்ணிக்கை கவுன்சிலர்களுக்கு அறிக்கையாகப் போகும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆகவே ஆட்கள் வேண்டும். பேச்சு அவ்வளவு முக்கியமில்லை, கைகள் வேண்டும்.

மாடியில் நாங்கள் மட்டும் இல்லை. மண்டபத்தின் நடுவில் மடிக்கும் பலகைத் தடுப்பு ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் கரீபியன் பெற்றோர் தொடங்கிய, கறுப்பினப் பிள்ளைகளுக்கான சனிப் பள்ளி. எங்களுக்கு முன்னரே வந்தவர்கள். ஊர்ப் பள்ளிக்கூடங்கள் தங்கள் பிள்ளைகளை மந்தமானவர்கள் என்று ஒதுக்கிய காலத்தில், ஆங்கிலமும் கணக்கும் தாங்களே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்களாம். இருபது வருடத்துக்கு மேல் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தியும் இரண்டு பள்ளிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் ஆட்கள் அவர்களைப் பார்த்தால் கைப்பையை இறுக்கிப் பிடித்தார்கள். அவர்கள் அதைக் கவனித்தார்கள் என்பதையும் நான் கவனித்தேன்.

அவர்களின் தலைமையாசிரியை எழுபதை நெருங்கிய பெரிய உடம்புக்காரி. நல்ல தொப்பிகள் வைத்திருக்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "காலை வணக்கம், டார்லிங்" என்பார். என் மனைவி நாற்பத்தெட்டு வருடமாக என்னை அப்படி அழைத்ததில்லை. காரணமில்லாமல் ஒருவர் ஏன் என்னை டார்லிங் என்று சொல்ல வேண்டும்? ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை இவர் ஓர் அளவுநாடாவுடன் வந்து தடுப்பின் நீளத்தை அளந்தார். பிறகு எங்கள் பக்கத்துக்குள்ளும் இரண்டு எட்டு வைத்து அளந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "பெரிய அறை, டார்லிங்" என்றார். அன்று முதல் எனக்கு நித்திரை குறைந்தது. எங்களை வெளியேற்றிவிட்டு எங்கள் பக்கத்தையும் தனக்கு எடுக்கக் கவுன்சிலோடு இவர் பேசி முடித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

கூட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை படியில் இறங்கும்போது, "வியாழன் ஏழு மணி, மறக்காதீர்கள்" என்றார். எங்கள் செயலாளர் பெற்றோருக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பில் ஆறு மணி என்றிருந்தது. கவுன்சில் கடிதம் செயலாளரின் ஈமெயிலுக்குத்தான் வந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. ஆறு மணிக் கூட்டத்துக்குத் தலைமையாசிரியை எங்களை ஏழு மணிக்கு வரச்சொல்கிறார், கை எண்ணி முடிந்தபின் நாங்கள் படியேற வேண்டும் என்பது திட்டம் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அன்றிரவே தொலைபேசியை எடுத்தேன். எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும். ஆறு மணிக் கலியாண வரவேற்புக்கு ஏழேகாலுக்குக் கார் தரிக்க இடம் தேடுகிறவர்கள். அரங்கேற்றத்தின் நடுவில் வந்து முன்வரிசையில் இருக்கிறவர்கள். அதனால் எந்த அழைப்பிதழிலும் உண்மையான நேரத்தைவிட ஒரு மணி நேரம் முந்தித்தான் போடுவோம். இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். எல்லாருக்கும் தெரிந்ததால் எல்லாரும் இன்னும் பிந்தி வருவார்கள். ஆகவே ஐம்பத்தெட்டு வீட்டுக்கும் நான் சொன்னது ஒன்றே: "கூட்டம் ஐஞ்சு மணிக்கு. ஐஞ்சுக்குப் பிறகு கதவு பூட்டிப் போடுவாங்கள். வராட்டிப் பள்ளிக்கூடம் இல்லை."

ஐந்து மணிக்கு வந்துவிட்டார்கள்.

இதை நான் எதிர்பார்க்கவேயில்லை. மூலையில் குடைகள் தெரிந்தன. ஐந்து அடித்து மூன்று நிமிடத்துக்குள் முப்பத்தொரு பேர். ஸ்டேஷன் பக்கமிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். முகங்களைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நேரம் தெரியாத அந்தச் சனம் இப்போது தாத்தாவும் அம்மம்மாவுமாக வீட்டில் இருக்கிறது. இவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். இங்கே பிறந்து, இங்கே படித்து, ஐந்து என்றால் ஐந்துக்கு வருகிறவர்கள். இவர்களையும் வாசலில் இருந்து எத்தனையோ வருடம் எண்ணியிருக்கிறேன். இந்த ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

"என்ன அங்கிள், கதவு பூட்டிக் கிடக்கு?" என்றார் அலுவலக உடுப்போடு வந்த ஓர் இளம் தகப்பன்.

"ஆறுக்குத்தான் தொடங்கும். கொஞ்சம் முந்திச் சொன்னனான்."

"கொஞ்சமோ? நான் அரை நாள் லீவு எடுத்து வந்தனான்."

பின்னால் நின்ற ஒரு பெண் சிரித்தார். "தமிழருக்கு நேரம் தெரியாது எண்டு மேடையில ஏறிப் பேசுறதும் இவையள்தான். நேரத்துக்கு வந்தா நனைய விடுறதும் இவையள்தான்."

என் மகள் கூட்டத்தின் நடுவில் நின்றாள். அவளுடைய சின்னவளும் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். மகள் தொலைபேசியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா, கவுன்சில் வெப்சைட்ல செவன் எண்டு கிடக்கு."

"மாத்திப்போட்டாங்கள்!" என்றேன். நன்றாகச் சத்தமாகவே சொன்னேன். "பாத்தியே, எங்களை அலைக்கழிக்கக் கடைசி நேரத்தில மாத்திப்போட்டாங்கள்."

"போன மாசம் போட்டது அப்பா. டேட் இருக்கு."

ஒக்டோபரில் போட்டது. அப்படியென்றால் அந்தத் தொப்பிக்காரி சொன்னது உண்மை. அதை யாரிடமும் நான் சொல்லவில்லை. செயலாளருக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தேன். அவரும் அவர்களோடு சேர்ந்துவிட்டாரோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

அதற்குள் கூட்டம் கலையத் தொடங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் தூறலில் நிற்க யாருக்கு ஏலும்? ஒரு தாய், "மாஸ்டர், நீங்கள் போன் எடுத்தபடியால ஷிப்டை மாத்தி வந்தனான். திரும்பி வர ஏலாது, குறை நினையாதேங்கோ" என்றார். குறை நினைக்க எனக்கு என்ன உரிமை. சிலர் ஏழு மணிக்கு வருவோம் என்றார்கள். சொன்ன விதத்திலேயே வரமாட்டார்கள் என்று தெரிந்தது.

மகளுக்கும் போக வேண்டியிருந்தது. சின்னவளை ஆறு மணிக்கு நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவர வேண்டும். பிறகு அவளை விட்டுவிட்டு வர வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆனால் பேசுவதற்கென்று தொலைபேசியில் ஏதோ எழுதி வந்திருந்தாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். உள்ளுக்குள் பயம் இருந்தது. இந்தப் பள்ளி தேவையில்லை என்று என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே இரண்டு தரம் சொன்னவள் அவள். அதைக் கூட்டத்தில் சொல்ல வந்தாளோ?

"எட்டு வருஷம் இஞ்ச வந்தனான் அப்பா. ஒரு சனிக்கிழமைகூட எனக்குப் பிடிச்சதில்லை. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். ஒவ்வொரு சனியும் வயித்துக்குத்து."

"டமிலும் பெரிசா வரேல்லை. அதைத்தான் வீட்டில சொன்னனான். ஆனா யோசிச்சா வேற ஒண்டு இருக்கு." குடையை என் பக்கம் சாய்த்தாள். "மற்ற ஸ்கூல்ல மார்க் குறைஞ்சா, ஏசியன் பிள்ளை, உனக்கு என்ன நடந்தது எண்டு கேப்பினம். கூட எடுத்தா, ஓ, உங்கட ஆக்கள் அப்பிடித்தானே எண்டுவினம். ரெண்டுலயும் நான் இல்லை. இஞ்ச மட்டும்தான் நான் மக்கா இருந்தா நான் மட்டும் மக்கு. எங்கட ஆக்கள் எல்லாரும் மக்கு இல்லை. அது எனக்கு ரெஸ்ட் மாதிரி இருந்தது. சின்னவளுக்கும் அது வேணும். அவ்வளவுதான்."

அதைச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பள்ளிக்காகச் சொல்லப்பட்ட காரணங்களில் மிக நல்லது அதுதான். அதைக் கேட்டது நான் ஒருவன். உள்ளே மேசைக்கு முன் சொல்லப்பட வேண்டியதை, என் தொலைபேசி அழைப்பு பூட்டிய கதவுக்கு வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டது.

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செயலாளர் வந்தார். ஜெர்மனியில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து கடை போட்டவர். டூட்டிங்கிலிருந்து காரில் மூன்று பெரிய பெட்டிகளில் நூற்றைம்பது ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொண்டுவந்தார். வந்தவர்களை வீட்டுக்கு ஓடவிடாமல் கை எண்ணும்வரை பிடித்து வைக்க வேண்டும் என்று நான்தான் என் செலவில் சொல்லிவைத்திருந்தேன்.

"சனம் எங்க மாஸ்டர்?"

"வந்து போட்டுது. கூட்டம் ஆறு மணி எண்டு போட்டது ஆர்?"

"ஏழுதான். நான் ஒரு மணித்தியாலம் முந்திப் போட்டனான். வழக்கம்தானே."

"அதில நான் இன்னொரு மணித்தியாலம் முந்திச் சொன்னன்."

அவர் பெட்டியைக் கார்க் கூரையில் வைத்தார். "என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"நீர் என்னட்டச் சொல்லியிருக்கலாமே? ஜெர்மனியில இருந்த மனுசனுக்குமா இந்தப் புத்தி?"

"ஜெர்மன்காரனுக்கு எண்டால் சரியான நேரம் சொல்லலாம். எங்கட சனத்துக்கு ஆர் சொல்லுவான்?"

"எங்கட சனம் ஐஞ்சுக்கு வந்து நிண்டுது ஐயா! அதுதான் பிரச்சினை!"

அவர் பெட்டியை மீண்டும் கையில் எடுத்தார். கதவு திறந்தது. தெருவின் மறுபக்கத்திலிருந்து கரீபியன் பள்ளியின் ஆட்கள் வந்தார்கள். தொப்பிகள், குழந்தை வண்டிகள், வேலை உடுப்பில் பஸ் ஓட்டுநர்கள். நாற்பத்தாறு பேர். நாங்கள் ஐந்து பேர்: நான், செயலாளர், சொன்னபடி திரும்பி வந்த ஒரு தம்பதி, எங்கள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை.

"உங்கள் ஆட்கள் எங்கே, டார்லிங்?" என்று தலைமையாசிரியை கேட்டார். அவர் ஆங்கிலத்தில் பேசியதையே இங்கே தமிழில் எழுதுகிறேன். கேலி செய்கிறார் என்று எடுத்து, வருவார்கள் என்று பொய் சொன்னேன்.

கவுன்சில் அலுவலர் இளைஞர், கழுத்தில் அட்டை, கையில் பேனா. மேசையில் பிஸ்கட் வைத்திருந்தார். கவுன்சில் பிஸ்கட் வைத்தால் எதையோ எடுக்கப் போகிறது என்று அர்த்தம். "தனிப் பள்ளிகள் இன்னும் தேவையா?" என்று திரையில் எழுதியிருந்தது. நான் அவருடைய பேனாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். தேவையில்லை என்ற பக்கம் யாராவது சாய்ந்தால் அது எழுதியது. தேவை என்றால் அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

முதலில் எழுந்தவர் அவர்கள் பக்கத்துத் தகப்பன் ஒருவர். பேனா துள்ளியது. "என் மகனின் பள்ளியில் தலைமையாசிரியரே கறுப்பினத்தவர். வகுப்பில் அவன்தான் முதல். என் அம்மா என்னை இங்கே கொண்டுவந்து விட்டதற்குக் காரணம் இருந்தது. என் மகனுக்கு அந்தக் காரணம் இல்லை. எங்கள் பிள்ளைகளை நாங்களே இன்னும் எவ்வளவு காலத்துக்குத் தனியாக வைக்கப் போகிறோம்?"

சிலர் முணுமுணுத்தார்கள். அந்த மனிதர் சொன்னதில் பிழை இல்லை என்று எனக்குப் பட்டது. அதனாலேயே அவர்மேல் கோபம் வந்தது. தலைமையாசிரியை எழும்பவில்லை, இருந்தபடியே சொன்னார்: "முன்பு எங்கள் பிள்ளைகளை ஒதுக்கினார்கள். இப்போது முதல் வரிசையில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். உங்கள் மகன் ஒருநாள் இரண்டாவதாக வந்தால் அந்தப் படத்துக்கு என்ன நடக்கும், சொல்லுங்கள். எனக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் நான் கதவைத் திறந்து வைப்பேன்."

தகப்பன் ஒப்புக்கொள்ளவில்லை. "அது பயம், காரணம் இல்லை" என்றார். பேனா அதையும் எழுதியது.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். அறுபத்தொரு பிள்ளைகள், ஒன்பது ஆசிரியர்கள், கடந்த பரீட்சையில் தேறியவர்கள் என்று வாசித்தேன். அலுவலர் தண்ணீர் குடித்தார். வாசித்து முடிந்ததும் நிற்பதா இருப்பதா என்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் மகளின் பேச்சு வாய்க்கு வந்தது. என் மகள் இங்கே வந்தாள், பேச இருந்தாள், என் பிழையால் போய்விட்டாள் என்றேன். பிறகு அவள் சொன்னதை என் பழைய ஆங்கிலத்தில் சொன்னேன். வெளியே அவள் தோற்றால் ஓர் இனம் தோற்கிறது, வென்றாலும் ஓர் இனம் வெல்கிறது; இங்கே மட்டும் அவள் மக்காக இருந்தால் அவள் மட்டும் மக்கு.

அறை சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று முதலில் காது சூடேறியது. பிறகு பார்த்தால், பஸ் ஓட்டுநர் ஒருவர் மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். "அதுதான்! அதுதான்!" என்றார் யாரோ. எங்கள் பக்கத்துத் தம்பதி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தாரோ வசனம் முடியுமுன்னே விளங்கிக்கொண்டுவிட்டார்கள். முதலில் பேசிய தகப்பன் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து நிலத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தரம் சொல்லுங்கள், டார்லிங்" என்றார் தலைமையாசிரியை. "அந்தப் பையனின் பேனா அசையவில்லை."

சொன்னேன். பேனா அசைந்தது.

கை எண்ணும்போது அலுவலர் இரண்டு பள்ளிக்கும் தனித்தனியாகக் கேட்டார். இதற்குத்தான் நான் பயந்தேன். அவர்கள் பள்ளிக்கு அவர்களின் கை நாற்பத்தைந்து. அந்தத் தகப்பன் தூக்கவில்லை. நாங்கள் ஐந்து பேரும் தூக்கினோம். அடுத்து எங்கள் பள்ளி. எங்கள் ஐந்து கை. தலைமையாசிரியை தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். பேசவில்லை, தொப்பியைச் சரிசெய்தார், அவ்வளவுதான். நாற்பத்தைந்து கைகளும் எழுந்தன. எங்களுக்கும் ஐம்பது, அவர்களுக்கும் ஐம்பது. நான் இரண்டு தரம் எண்ணினேன்.

பிறகு ரோல்ஸ் பெட்டிகளைத் திறந்தோம். வேறு என்ன செய்வது? உறைக்குமா என்று கேட்டுவிட்டு, உறைப்புப் போதாது என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள். மிஞ்சியதைப் பிள்ளைகளுக்கென்று கைதுடைக்கும் தாளில் சுற்றினார்கள். நான் தலைமையாசிரியையிடம் போனேன். நன்றி சொல்ல அல்ல. ஏன் என்று கேட்க.

"எங்களுக்காக ஏன் கை தூக்கினீர்கள்? எங்கள் அறையை அளந்தீர்களே?"

"இரண்டு பள்ளியும் ஒரே குத்தகையில் கையெழுத்துப் போடலாமா என்று பார்க்க அளந்தேன். தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். உங்களை எடுத்தால் அடுத்த வருடம் அரைவாசி மாடி காலி, அதைக் காட்டி என்னை எடுப்பார்கள். இது கணக்கு, டார்லிங்." ரோலைக் கடித்தார். "உங்களிடம் சொல்லத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தேன். நீங்கள் உங்கள் கதிரையை நகர்த்திக்கொண்டு போனீர்கள்."

அன்பினால் தூக்கினேன் என்று சொல்லியிருந்தால் இன்றுவரை நான் நம்பியிருக்க மாட்டேன். கணக்கு என்றபடியால் நம்பினேன். அப்படியும் வீட்டுக்குப் போய் அந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஜனவரியில் முடிவு வந்தது. இரண்டு வருடம், ஒரே குத்தகை, இரண்டு கையெழுத்து. அதன்பிறகு மீண்டும் கேட்பார்கள். தேவையா இல்லையா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இன்னும் இரண்டு வருடத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அப்போது நடக்கும் கூட்டத்தில் என் மகளை முதலில் பேச வைப்போம் என்று செயலாளர் சொல்கிறார். நேரம் யார் அறிவிப்பது என்று கேட்டேன். "கவுன்சில் கடிதத்தைப் படம் எடுத்து அப்பிடியே அனுப்புவம் மாஸ்டர், நீங்களும் நானும் வாயே திறக்கக்கூடாது" என்றார்.

குத்தகையில் ஒரு நிபந்தனை: வாசல் திறப்பு, அதாவது சாவி, இரண்டு பள்ளியிலும் ஒவ்வொருவரிடம் இருக்க வேண்டும். அவர்களுடையது தலைமையாசிரியையிடம். எங்களுடையதை வெட்டுவித்து நான் வைத்திருக்கிறேன். இனி யார் எந்த நேரத்துக்கு வந்தாலும் நனையத் தேவையில்லை. இப்போது சனிக்கிழமைகளில் அவர் "காலை வணக்கம், டார்லிங்" என்றால் நானும் வணக்கம் சொல்கிறேன். கதிரையை நகர்த்துவதில்லை. அளவுநாடா கொண்டுவருகிறாரா என்று பையை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

நூற்றைம்பது ரோல்ஸுக்கு நூற்றெண்பது பவுண். அன்று நனைந்த உடம்போடு வீட்டுக்குப் போன டாக்சிக்குப் பதினான்கு பவுண் ஐம்பது. திறப்பு வெட்ட எட்டு. எல்லாமாக எனக்குப் போனது இருநூற்றிரண்டு பவுண் ஐம்பது பென்ஸ்.